செவெரினும் மகனும்

செய்தி வந்தது காலை பத்தே கால் மணிக்கு. ரோஸ்வித்தாவுக்கு அது விளங்கியது பத்தே முக்காலுக்கு. இடையில் போன அரை மணி நேரத்தில் அவள் பதினேழு திராட்சைக் கொடிகளை வளைத்துக் கட்டி முடித்திருந்தாள். கட்டும்போதெல்லாம் அத்தையைத் திட்டிக்கொண்டும் இருந்தாள்.

காரணம் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. மோசல் ஆற்றுக்கு மேலே ஏணி சாத்தியதுபோல் நிற்கும் அந்தச் சரிவிலிருந்து பார்த்தால், கீழே வீட்டு மாடி ஜன்னல்கள் தீப்பெட்டி அளவில் தெரியும். அம்மா போனபிறகு அந்த வீட்டில் சமையல் அப்பாவின் தங்கை வெரோனிக்கா அத்தைதான். சமையல் ஆனதும் அத்தை மாடி ஜன்னலில் விரிப்பைத் தொங்கவிடுவாள். மேலே வேலையில் இருப்பவர்கள் இறங்கிச் சாப்பிட வரவேண்டும். கைபேசியை அத்தை தொடமாட்டாள். நாற்பது வருடங்களாக அந்த விரிப்புக்கு இருந்தது ஒரே அர்த்தம்: சூப் ஆறுகிறது.

"பத்து மணிக்கு எவ சூப்பு குடிப்பா? கெழவிக்குக் கடிகாரமும் பாக்கத் தெரியல" என்று, பல்லில் கவ்வியிருந்த, கொடி கட்டும் மெல்லிய குச்சிகளுக்கு நடுவே சொல்லிவிட்டு ரோஸ்வித்தா அடுத்த கொடிக்கு நகர்ந்தாள். பிப்ரவரித் தூறல் நாள் அது. வெயிலில் வளைத்தால் கொடி ஒடியும். ஈரத்தில் வளைத்தால் சொன்னபடி கேட்கும். அப்படிப்பட்ட நாள் வருடத்துக்கு எட்டோ பத்தோதான் கிடைக்கும். அதில் ஒன்றைச் சூப்புக்கு விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

பத்தே முக்காலுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது இரண்டாவது விரிப்பு தொங்கியது. பக்கத்து ஜன்னலில். மூன்று மாதமாகத் திறக்காத ஜன்னல் அது, அப்பாவின் அறை. இப்போது இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தன. உயிர் வெளியே போவதற்கு வழிவிடத்தான் அந்த ஊரில் அப்படித் திறந்து வைப்பார்கள்.

அவள் ஓடவில்லை. வாயிலிருந்த குச்சிகளைக் கையில் எடுத்தாள். "மூணு மாசமாப் படுத்திருந்தீங்க. நேத்து நல்ல வெயிலு. நேத்துப் போயிருக்கக் கூடாதா?" என்றாள், ஜன்னலைப் பார்த்து. பிறகு குச்சிக் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

ரோஸ்வித்தாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வாயின் இடது ஓரத்தால் மட்டும் பேசுவாள். வருடத்தில் இரண்டு மாதம் குச்சிகளைக் கவ்விக்கொண்டே பேசிப் பழகி, மீதிப் பத்து மாதமும் வாய் அப்படியே நின்றுவிட்டது. தெரியாதவர்களுக்கு அவள் எப்போதும் நக்கல் செய்வதுபோல் இருக்கும். தெரிந்தவர்களுக்கு அது நக்கல்தான் என்று தெரியும்.

மேசையில் உட்கார்ந்து சாப்பிடமாட்டாள். கிண்ணத்தைக் கையில் ஏந்தி, அடுப்போரம் நின்றபடியே முடித்துவிடுவாள். "உக்காந்தா எந்திரிக்கணும்" என்பாள். கதவைச் சாத்துவது கிடையாது, அறைவாள். மற்ற வீட்டில் ஒரு கதவு முப்பது வருடம் வரும், ரோஸ்வித்தா வீட்டில் ஏழு வருடம் என்று ஊர்த் தச்சர் சொல்லியிருக்கிறார். கொடி வெட்டும் கத்தரியாலேயே நகத்தையும் வெட்டிக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்குத்தான் விரல் கூசும்.

ஒயின் ருசி பார்க்க வரும் வெளியூர் ஆட்களுக்கென்று ஒரு கேள்வி உண்டு. அவள் குவளைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "முதலாளி இல்லீங்களா?" என்பார்கள்.

"பெரிய முதலாளி தூங்குறாரு. சின்ன முதலாளி ஹம்பர்க்ல பாலம் கட்டுறாரு. நான் எடுபிடி. ஊத்தட்டுமா?"

அப்படிக் கேட்டவர்களுக்கு அவள் ஊற்றுவது இருப்பதிலேயே புளிப்பான ஒன்றை. அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அடடா, என்ன ஒரு ஆழம்" என்பார்கள். அவள் வாயின் இடது ஓரம் இன்னும் கொஞ்சம் மேலே போகும்.

கேட்டவர்கள் மேல் மட்டும் தப்பில்லை. பாட்டிலில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பொன்னிற எழுத்தில், 'செவெரினும் மகனும்'. தம்பி ஃபோல்கர் பிறந்த வருடம் அப்பா செவெரின் அடித்த லேபிள். அப்போது ரோஸ்வித்தாவுக்கு நாலு வயது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருப்பது அச்சகத்துக்காரருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். ஃபோல்கர் வருடத்தில் நான்கு நாள் அறுவடைக்கு வருவான், ஒவ்வொரு முறையும் புதுக் கையுறையோடு. மற்ற எல்லா நாளும் அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறவள், அந்த லேபிளை வருடத்துக்கு எட்டாயிரம் பாட்டிலில் தன் கையால் ஒட்டினாள். ஒட்டியபின் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. 'மகனும்' என்ற இடத்தில் மட்டும் இரண்டு.

அந்தச் சரிவை விட்டு அவள் ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறாள். ஒயின் தொழிலைக் கல்லூரியில் படித்து முடித்து, இருபத்து நாலு வயதில், கடல் தாண்டித் தெற்கு பிரேசிலுக்கு. பதினாலு மாதம். மலைமேல் ஒரு ஊர். இவர்களுடைய பக்கத்துக் குன்றுகளிலிருந்து நூற்றறுபது வருடத்துக்கு முன்னால் பசியில் கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் அங்கே இருந்தார்கள். நாள் முழுக்கப் பேருந்தில் குலுங்கி அவள் போய் இறங்கியபோது, வாழைத்தோப்பு ஓரத்தில் வெறுங்காலோடு நின்ற கிழவர் ஒருவர், அவளுடைய தாத்தா பேசிய அதே பேச்சில், "யாரு வூட்டுப் புள்ள நீ?" என்று கேட்டார். பூமியின் அந்தப் பக்கத்துக்கு வந்தும் இதே கேள்வியா என்று அவள் பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்தாள்.

வேலை கொடுத்தவள் ஓட்டிலியா என்ற விதவை. ஒயின் கூடத்து வாசலில் ஒரு பெரிய பலகை. அதில் அவள் பெயர். முன்னால் புருஷனும் இல்லை, பின்னால் மகனும் இல்லை. ரோஸ்வித்தா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன பாக்குற? எழுத்துப் பிழையா?" என்றாள் ஓட்டிலியா.

"இல்ல. பேரு மட்டும் இருக்கு."

"பேரு போதாதா? படமும் வரைஞ்சு மாட்டணுமா?"

அங்கே திராட்சை பந்தலில் படரும். நிமிர்ந்து நின்று, கையை மேலே நீட்டி, நிழலில் பறிக்கலாம். முதல் வாரம் இடுப்பு வலிக்காததே அவளுக்குப் பயமாக இருந்தது, ஏதோ நோய் வந்ததுபோல. மதியத்தில் ஒரு சுரைக்குடுக்கையில் கசப்பு இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, வெள்ளிக் குழலால் உறிஞ்சுவார்கள். ஒரே குடுக்கை கை மாறிச் சுற்றி வரும். அவள் கொண்டுவந்த குடுக்கை இன்றும் இருக்கிறது. கொடி வளைக்கும் நாளில் சரிவுக்கு எடுத்துப்போவாள். "ரோஸ்வித்தா பைப் புடிக்கிறா, பொகைதான் வரல" என்பார் அடுத்த தோட்டத்து யூப்.

ஓட்டிலியா அவளை அங்கேயே இருந்துவிடச் சொன்னாள். கீழ்த்தோட்டத்தை நீயே பார்த்துக்கொள், உன் பேரில் ஒரு பலகை அடித்துக்கொள் என்றாள். ரோஸ்வித்தா சரி என்று சொன்ன வாரத்தில் அப்பாவின் கடிதம் வந்தது. இடுப்பு போய்விட்டது, வாளி தூக்க முடியவில்லை, உடனே வா.

வந்தாள். ரயிலடியில் அப்பா நின்றிருந்தார். அவளுடைய பெட்டியை, இருபத்தெட்டுக் கிலோ, ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். படிக்கட்டை இரண்டிரண்டாக ஏறினார். பின்னால் போனவளுக்கு அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க விஷயம் புரிந்தது. வீட்டில் ஃபோல்கருக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காகக் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இடுப்பு?" என்று கேட்டாள்.

"பரவால்ல இப்ப" என்றார் அப்பா.

இருபத்தாறு வருடத்தில் இதைப்பற்றி இரண்டு பேரும் பேசியது அந்த மூன்று சொற்கள்தான்.

அடுத்த வசந்தத்தில் வீட்டுக்குப் பின்னால் ஆறு கொடி நட்டுப் பந்தல் போட்டாள். மூன்றாம் வருடம் பந்தல் மூடிக்கொண்டது. பெரிய வெள்ளிக்கிழமை அந்த ஊரில் யாரும் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டார்கள். அடுத்த வருடம் அந்த நாளில் அவள் கோவிலுக்குப் போய்த் திரும்பியபோது ஆறும் அடியோடு அறுபட்டுக் கிடந்தன. "கோடையில நிழல் விழுது, துணி காய மாட்டேங்குது" என்றார் அப்பா. ரம்பத்தை அவர் துடைத்துக்கூட வைக்கவில்லை. அவள் கதவை அறைய ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அந்த அப்பா இப்போது திறந்த ஜன்னலுக்குக் கீழே, தாடையில் துணி கட்டி, விரல்களில் செபமாலை சுற்றிக் கிடந்தார். ரோஸ்வித்தா சேற்றுப் பூட்சோடு கட்டிலருகே போய் நின்றாள். அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பத்தே காலில் நிறுத்தியிருந்தாள்.

"அரை மணி நேரமாத் தொங்குது விரிப்பு. கண்ணு அவிஞ்சு போச்சாடி உனக்கு?"

"சூப்புன்னு நெனச்சேன்."

"பத்தே காலுக்கா?"

"அதைத்தான் நானும் கேட்டேன்."

அத்தைக்கு அழுகையின் நடுவே சிரிப்பு மாதிரி ஒரு செருமல் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பங்குச் சாமிக்கு ஆள் அனுப்பியாச்சு. நீ ஃபோல்கருக்குப் போனைப் போடு. சாயங்காலத்துக்குள்ள வந்துடுவான். பீப்பாய்க்கு அவன்தான் சொல்லணும். அதுவரைக்கும் நெலவறைக்குள்ள யாரும் கால் வைக்கக் கூடாது, தெரியுதா?"

ரோஸ்வித்தா தம்பிக்குப் போன் செய்தாள். "அப்பா போயிட்டாரு. வா" என்றாள். அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. முடியும்வரை காதில் வைத்துக்கொண்டு நின்றாள். "கொடை எடுத்துக்க. இங்க தூறல்" என்று வைத்துவிட்டாள். பிறகு நேராக நிலவறைப் படிக்குப் போனாள்.

அந்த ஆற்றோரத்தில் வீட்டு எஜமான் இறந்தால், உடல் வாசலைத் தாண்டும் முன்பே ஒயினுக்குச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பீப்பாயையும் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டி, உன் எஜமான் போய்விட்டார், இனி உன் எஜமான் இன்னார் என்று உரக்கச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஒயின் திரிந்துபோகும் என்பார்கள். கேட்டால் யாரும் அதை நம்புவதாக ஒப்புக்கொள்ளமாட்டார்கள். சொல்லாமல் விட்டவர்களும் இல்லை. சட்டம் நிலத்தை அக்காளுக்கும் தம்பிக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்கும். அதற்கு வக்கீல் இருக்கிறார். ஆனால் அந்தத் தோட்டம் யாருடையது என்று ஊர் சொல்லப்போவது பீப்பாயிடம் சொன்ன பெயரைத்தான். அது எப்போதும் மகனின் பெயர். அந்த ஊரில் இதுவரை ஒரு மகளின் பெயரைச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

நிலவறையில் ஏழு பீப்பாய் ஒயின் இருந்தது. ஒவ்வொன்றும் ஆயிரம் லிட்டர். சுவரெல்லாம் கறுப்புப் பூசணம். விளக்கைப் போட்டுவிட்டு ரோஸ்வித்தா படியோரத்துப் பீப்பாயைத் தாண்டிப் போய், அடுத்ததிலிருந்து ஆரம்பித்தாள்.

"உன் எஜமான் செத்துட்டாரு. இனிமே உன் எஜமான் ரோஸ்வித்தா."

முதல் தடவை சொன்னபோது குரல் கல்வளைவில் பட்டு வேறு யாருடையதோபோல் திரும்பி வந்தது. இரண்டாவதுக்கு இன்னும் உரக்கச் சொன்னாள். மூன்றாவதில் முட்டித் தோல் உரிந்தது. நான்காவதிடம், பேரைச் சொன்ன பிறகும் நகராமல் நின்று, "இடுப்பு அவருக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். ஐந்தாவதிடம் பந்தலைப் பற்றிச் சொன்னாள். பெரிய வெள்ளிக்கிழமை என்பதையும் சொன்னாள். ஆறாவதிடம், "எட்டாயிரம். வருசத்துக்கு எட்டாயிரம். என் கையால" என்றாள். அதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஏழாவது உள்கோடியில், வளைவுக்குக் கீழே இருந்தது. போன அக்டோபரில், நடக்க முடியாத அப்பா, சரிவில் மூட்டை ஏற்றும் தண்டவாள வண்டியில் தன்னை நாற்காலியோடு கட்டி ஏற்றச் சொல்லி, உச்சிப் பாத்திக்குப் போய்த் தானும் சேர்ந்து பறித்த பழத்தின் ஒயின் அது. நவம்பரில் அதை வண்டலிலிருந்து வடித்து வேறு பீப்பாய்க்கு மாற்ற வேண்டும் என்றாள் ரோஸ்வித்தா. வேண்டாம், வண்டலோடு இருக்கட்டும் என்றார் அப்பா. அப்பாவின் அறையில் இருவரும் ஒரு மணி நேரம் கத்தினார்கள். மறுநாள் பீப்பாயில் தொங்கும் சிலேட்டுப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது: 'ரோஸ்வித்தா கை வைக்கக் கூடாது.' கோணல்மாணலான எழுத்து. யார் அவரைத் தூக்கி வந்து எழுதவைத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. குளிர்காலம் முழுக்க அதன் பக்கம் வரும்போதெல்லாம், "வைக்கல, வைக்கல" என்று சொல்லிக்கொண்டே போவாள்.

விரலை மடக்கினாள். பலகைக்கு முன்னால் கை அப்படியே நின்றது. மேலேயிருந்து அத்தையின் குரல் வந்தது: பங்குச் சாமி வந்துவிட்டார். அவள் விளக்கை அணைத்துவிட்டு ஏறிப்போனாள்.

ஃபோல்கர் வந்தபோது மணி ஆறு. அப்பாவின் அறையில் கால்மணி நேரம் இருந்துவிட்டு, கண் வீங்கி வெளியே வந்தான். படிக்கட்டில் அத்தையும், சாட்சி சொல்லக் கோவில் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்த யூப்பும் காத்திருந்தார்கள்.

"வா ராசா, மொதல்ல ஒயினுக்குச் சொல்லிடு. அப்புறம் அழுவலாம்" என்றாள் அத்தை.

"இன்னுமா அத்தை இதெல்லாம்?"

"சொல்லியாச்சு" என்றாள் ரோஸ்வித்தா, கீழ்ப்படியிலிருந்து.

அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "யாரு சொன்னா?"

"நான்."

"யாரு பேரை?"

"எனக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்ச பேரை. என் பேரை."

யூப் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினார். "ஏம்மா, பொம்பளக் குரல் கேட்டா ஒயின் புளிச்சுப் போவும்னு எங்கப்பா சொல்லுவாரும்மா."

"உங்கப்பா ஒயின் யார் குரலும் கேக்காமலே புளிச்சுதே அண்ணே. இதுங்க இருபத்தாறு வருசமா என் குரலைத்தான் கேக்குது. நான் திட்டுன திட்டுக்குப் புளிக்காததா இதுக்குப் புளிக்கப் போகுது?"

"செல்லாது" என்றாள் அத்தை. "மகன் இருக்கையில மக சொன்னது செல்லாது. ஃபோல்கர், நீ எறங்கு. எல்லாத்துக்கும் திரும்பச் சொல்லு."

ஃபோல்கர் அக்காளைப் பார்த்தான். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவன் குனிந்து இறங்கி, படியோரத்து முதல் பீப்பாயின் முன் நின்று, தொண்டையைக் கனைத்து, மோதிர விரலை மடக்கித் தட்டினான்.

டொம்மென்று சத்தம் நிலவறை முழுக்க உருண்டது. கோவில் மணியை அடித்தமாதிரி. அவன் அதைக் கவனிக்காமல், அத்தை சொல்லிக்கொடுத்தபடி, "உன் எஜமான் எறந்துட்டாரு. இனிமே உன் எஜமான் ஃபோல்கர்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

யூப் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஊரில் ஆறு வயதுக் குழந்தைக்கும் அந்தச் சத்தம் என்னவென்று தெரியும்.

"அது காலிடா" என்றாள் ரோஸ்வித்தா. "போன வாரம்தான் கழுவிக் கந்தகப் பொகை போட்டேன்."

ஃபோல்கர் விரலை இன்னும் மடக்கியபடியே நின்றான். முகம் காது மடல்வரை சிவந்திருந்தது. "எனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"அதான். உனக்கு எப்படித் தெரியும்."

"நான் இது வேணும்னு ஒருநாளும் கேட்டதில்ல அக்கா."

"வேணாம்னும் ஒருநாளும் சொன்னதில்ல."

 அப்பாவின் கடிதம் எதற்காக எழுதப்பட்டது என்பது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. அந்தக் கேக்கை அவனும் தின்றிருக்கிறான். காலிப் பீப்பாயின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மெதுவாக, "இப்பச் சொல்றேன், வேணாம்" என்றான்.

"இந்த வார்த்தைக்கு இவ்வளவு வருசமா?" என்றாள் அவள். அதில் கொஞ்சமும் இரக்கம் இல்லை.

யூப் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "சாட்சி சொல்ல வந்தேன், சொல்லிடறேன். ஒயினுங்க காதுல விழுந்தது ரோஸ்வித்தா பேரு. மகன் பேரு காலிப் பீப்பாய்க்குத்தான் தெரியும். இதுக்கு மேல நான் பொய் சொல்ல முடியாது வெரோனிக்கா."

 அத்தையின் பார்வை வரிசையாகப் போய் உள்கோடியில் நின்றது. "ஏழுக்கும் சொன்னியாடி?"

 "ஆறுக்கு" என்றாள் ரோஸ்வித்தா. "சாமி வந்துட்டாருன்னு நீதான கூப்ட்ட."

"அப்ப அதுக்காவது தம்பி சொல்லட்டும்."

ஃபோல்கர் உள்கோடிக்கு நடந்தான். பலகையைப் படித்தான். இரண்டாவது தடவையும் படித்தான். "அக்கா, இது அப்பா…"

"படிக்கத் தெரியுதுல்ல? அப்ப கெளம்பு. அதை நான் பாத்துக்கறேன்." அவள் விளக்கின் பொத்தானில் கை வைத்துக்கொண்டு, மூன்று பேரும் ஏறிப்போகும்வரை நின்றாள்.

இறுதிச் சடங்கு முடிந்தது. நாளிதழில் வந்த துக்கச் செய்தியில் மகன் பெயர் முதலில், மகள் பெயர் மருமகளுக்கும் கீழே. அதைக் கொடுத்தது யார் என்று ரோஸ்வித்தா விசாரித்தாள். அத்தை இரண்டு நாள் அவள் கண்ணில் படாமல் சமைத்தாள். அச்சகத்திலிருந்து, லேபிள் தீர்ந்திருக்குமே, பழையபடியே அடிக்கலாமா என்று கடிதம் வந்தது. பழையபடி வேண்டாம் என்று ஒரு வரி எழுதிப் போட்டாள். அச்சகத்துக்காரர் அடுத்த கடிதத்தையும் 'ஐயா' என்றுதான் ஆரம்பித்திருந்தார். அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். ஏப்ரலில் கொடிகள் முளைவிட்டன. தபால்காரர், தானாகவே, 'ரோஸ்வித்தா தோட்டம்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பீப்பாய்களில் ஒயின் வாரத்துக்கு ஒரு விரல் குறையும். காற்றுப் புகாமல் வாய்வரை நிரப்பி வைக்கவேண்டும். ஆறையும் அவளே நிரப்புகிறாள். ஏழாவதுக்கு யூப்பைக் கூப்பிடுகிறாள். அவர் நிரப்பிவிட்டு ஒரு வாய் ருசி பார்த்து, "திரியலம்மா, நல்லாருக்கு. அப்பன் சொன்ன மாதிரியே வண்டல்ல கெடந்தது நல்லதாத்தான் போச்சு" என்பார். "உங்களைக் கேட்டனா?" என்பாள்.

"சொல்லித் தொலையேன்டி, மூணு தட்டு, ஒரு வார்த்தை" என்று அத்தை தினமும் நச்சரிக்கிறாள். நேற்றுக் காலையும் ரோஸ்வித்தா இறங்கினாள். ஆறையும் நிரப்பினாள். உள்கோடிக்குப் போய், எழுத்து இன்னும் அழியாத பலகைக்கு முன்னால் நின்றாள். விரலை மடக்கிக் கையைத் தூக்கினாள். சிறிது நேரம் கழித்து, மடக்கிய கையை அப்படியே கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறினாள். மேலே வந்து கதவைச் சாத்தினாள். சத்தம் வரவில்லை.

செவெரின் இறந்து பதினோரு வாரம் ஆகிறது. ஏழாவது பீப்பாயிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.